அலுவலகக் கோபுரம்: வெளிச்சமும் வாடகையும்

சென்னிமலையின் அடிவாரத்தில் நின்று மேலே பாருங்கள். முருகன் கோயிலை அடைய 1320 படிகள் ஏறியாக வேண்டும். அடுக்கு மாடிக் கட்டடத்தில் மாடி ஒன்றுக்கு 22 படிகள் என்று வைத்துக்கொண்டால், இது 60 மாடிகள் ஏறுவதற்குச் சமம். பக்தியோடு ஏறுகிறவர்களுக்கு இது ஒரு பொருட்டல்ல. ஆனால் கணக்கு எழுதுவதற்காகத் தினமும் காலையில் 60 மாடி ஏறி வா என்றால் எந்தக் குமாஸ்தா வருவார்?

ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்கு முன்பு வரை உலகின் பெரு நகரங்களில் இதுவே நிலை. நான்கைந்து மாடிகளுக்கு மேல் யாரும் கட்டவில்லை. கட்டிய மாடிகளிலும் உச்சி மாடிக்குத்தான் வாடகை குறைவு. இன்று நிலைமை தலைகீழ். கோயம்புத்தூர் அவிநாசி சாலையிலும் சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலையிலும் உயர எழும்பியுள்ள அலுவலகக் கட்டடங்களில், மேலே போகப் போக மதிப்பு கூடுகிறது. போதாததற்கு, 'இது பசுமைக் கட்டடம்' என்ற சான்றிதழும் வாசலில் தொங்குகிறது. அந்தப் பசுமை யாருடைய செலவில் வருகிறது, அதன் பயன் யாருடைய பைக்குப் போகிறது? இந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டுமானால், அலுவலகக் கோபுரம் பிறந்த கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

1854ஆம் ஆண்டில் நியூயார்க் கண்காட்சி ஒன்றில் எலிஷா ஓட்டிஸ் என்பவர், உயரே தொங்கிய மேடையின் மீது நின்றுகொண்டு, அதைத் தாங்கிய கயிற்றை வெட்டச் சொன்னார். கயிறு அறுந்தது, மேடை விழவில்லை. அவர் அமைத்திருந்த பாதுகாப்புப் பற்கள் பக்கச் சட்டங்களைக் கவ்விக்கொண்டன. மூன்று ஆண்டுகளில் அதே நகரத்துக் கடை ஒன்றில் ஆட்களை ஏற்றும் லிப்ட் இயங்கத் தொடங்கிற்று. 1870இல் ஈக்விடபிள் என்ற ஆயுள் காப்பீட்டு நிறுவனம் தன் அலுவலகக் கட்டடத்திலேயே லிப்ட் வைத்தது. தெருப் புழுதியும் வண்டிச் சத்தமும் எட்டாத மேல் மாடிகள் திடீரென்று விரும்பத்தக்கவை ஆயின. வாடகை மேல்நோக்கி ஏறியது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 1885இல் சிகாகோவில் உலோகச் சட்டகத்தின் மீது 10 மாடிகள் கட்டப்பட்டன. அதைக் கட்டியதும் ஒரு காப்பீட்டு நிறுவனந்தான். காப்பீட்டுக்காரர்களுக்கு ஏன் இந்தக் கட்டட மோகம்? அவர்கள் தவணைப் பணத்தை இன்று வாங்கிக்கொண்டு, பல ஆண்டுகள் கழித்துத் திருப்பித் தருகிறவர்கள். இடைக்காலத்தில் அந்தப் பணம் மாதந்தோறும் நிதானமாக வருவாய் தர வேண்டும். வாடகை அத்தகைய வருவாய். ஆகவே அலுவலகக் கோபுரத்தை வாடகை ஈட்டும் ஓர் எந்திரம் என்றே சொல்லிவிடலாம். பெருமைக்காகக் கட்டுகிறோம் என்று எத்தனை பேர் சொன்னாலும், அதன் வடிவத்தைத் தீர்மானித்தது இந்தக் கணக்குத்தான்.

உலோகச் சட்டகம் வந்ததற்கும் இக்கணக்கே துணை நின்றது. சிகாகோவில் 1891இல் எழுந்த மொனாட்நாக் கட்டடத்தின் வட பகுதி 16 மாடிகள் கொண்டது. வெளிச் சுவர் முழுவதும் செங்கல். அத்தனை பளுவையும் தாங்க, அடியில் சுவரின் கனம் 6 அடி! அந்த 6 அடியில் யாரும் மேசை போட முடியாது. வாடகையும் கேட்க முடியாது. சட்டகம் பளுவைத் தாங்கினால் சுவர் மெலிந்துவிடும், இடம் மிஞ்சும்.

அடுத்த தடை வெளிச்சம். சென்னிமலை நெசவாளர் தம் குழித்தறியை வெளிச்சம் விழும் இடம் பார்த்து அமைப்பார். இழை அறுந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டும் அல்லவா? அக்கால அலுவலகங்களும் அப்படித்தான். சன்னலிலிருந்து சுமார் 25 அடிக்கு அப்பால் உட்கார்ந்து எழுத முடியாது. அந்த இருட்டு மூலைக்கு யாரும் நல்ல வாடகை தரமாட்டார்கள். ஆகவே கட்டடங்கள் நடுவில் முற்றம் விட்டும், ஆங்கில 'யு', 'ஈ' எழுத்துகளின் வடிவிலும் கட்டப்பட்டன. கூரை உயரமாக இருந்தது. சன்னல் பெரிதாகத் திறந்தது. பசுமைக் கட்டடம் என்ற சொல் அப்போது பிறக்கவில்லை. ஆனால் வெளிச்சமும் காற்றும் இலவசமாக உள்ளே வந்துகொண்டிருந்தன.

ஒருவருடைய வெளிச்சம் மற்றவருடைய இருட்டு ஆவதும் உண்டு. பழைய ஈக்விடபிள் கட்டடம் 1912இல் எரிந்துபோயிற்று. அந்த இடத்தில், சுமார் ஓர் ஏக்கர் நிலத்தில், 12 லட்சம் சதுர அடிப் பரப்புள்ள புதிய கட்டடம் 1915இல் எழுந்தது. அதன் நிழல் அக்கம்பக்கத்துக் கட்டடங்களை மூடிற்று. மறு ஆண்டே நியூயார்க் நகரம், உயரம் கூடக் கூடக் கட்டடம் பின்வாங்கிச் செல்ல வேண்டும் என்று விதி செய்தது. சூரிய ஒளியைச் சட்டம் போட்டுக் காப்பாற்ற வேண்டிய நிலை!

இனி நம் கொங்கு நாட்டுக்கு நெருக்கமான ஒரு செய்திக்கு வருவோம். நாம் 'ஏர் கண்டிஷன்' என்கிறோமே, அந்தச் சொல் பிறந்தது பஞ்சாலையில். 1906இல் ஸ்டூவர்ட் கிராமர் என்ற அமெரிக்க ஆலைப் பொறியாளர், நூற்பாலைக் காற்றில் ஈரத்தைச் சரியான அளவில் வைக்கும் முறைக்கு அப்பெயரை இட்டார். காற்று உலர்ந்தால் பஞ்சு இழை முறுக்கேறாமல் அறுந்துவிடும். கோயம்புத்தூரில் 1888இல் முதல் ஆலை தொடங்கிய நாள் முதல் நம்மவர்களும் அறிந்த தொல்லை இது. தரையைத் தோண்டிக் குழியில் தறி அமைத்த நம் முன்னோர்களுக்கும் இது தெரியும். மண்ணின் ஈரம் பாவைக் காக்கும். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னதாக, 1902இல், வில்லிஸ் கேரியர் அமைத்த எந்திரமும் ஓர் அச்சகத்தில் காகிதம் சுருங்காமலும் விரியாமலும் இருப்பதற்காக அமைக்கப்பட்டதே. ஆக, மனிதனின் சுகத்துக்கு முன்பே நூலின் சுகமும் காகிதத்தின் சுகமும் கவனிக்கப்பட்டன!

1928இல் டெக்சாஸ் மாநிலத்துச் சான் அந்தோனியோ நகரில், 21 மாடிகள் கொண்ட மைலம் கட்டடம் முழுவதும் குளிரூட்டப்பட்டது. 1938இல் குழல் விளக்கு விற்பனைக்கு வந்தது. பழைய குண்டு விளக்கைவிட அது குறைந்த வெப்பத்தில் நிறைய வெளிச்சம் தந்தது. இவ்விரண்டும் சேர்ந்ததும் சன்னலின் தேவை முடிந்தது. முற்றம் வேண்டாம், உயர்ந்த கூரை வேண்டாம், 25 அடிக் கணக்கும் வேண்டாம். நிலம் முழுவதையும் அடைத்து, கண்ணாடிப் பெட்டி போல் கட்டலாம். வாடகைக்கு விடும் சதுர அடிகள் பெருகின. விலை என்ன? பகலிலும் விளக்கு, ஆண்டு முழுவதும் குளிரூட்டல். அந்த மின்கட்டணம் கட்டியவருடைய தலையில் விழவில்லை. குடியேறியவருடைய தலையில் விழுந்தது.

தமிழ்நாட்டில் இக்கதையின் முதல் அத்தியாயம் சென்னை அண்ணா சாலையில் நிற்கிறது. எல்.ஐ.சி. கட்டடத்தைச் சொல்கிறேன். இதையும் தொடங்கியது ஒரு காப்பீட்டு நிறுவனமே: எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியாரின் யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனம். அவர் 1954இல் விமான விபத்தில் மறைந்தார். 1956இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமை ஆயிற்று. கட்டடம் 1959 ஆகஸ்டு 23ஆம் நாள் அன்றைய நிதியமைச்சர் மொரார்ஜி தேசாயால் திறந்து வைக்கப்பட்டது. 177 அடி உயரமே என்றாலும், அன்று இந்தியாவிலேயே உயரமான கட்டடம் அதுதான். 1975இல் பெருந்தீக்கு இரையாகி, சீர் செய்யப்பட்டு இன்றும் நிற்கிறது. 

இரண்டாவது அத்தியாயம் தரமணியில். டிட்கோவும் எல்காட்டும் இணைந்து அமைத்த டைடல் பூங்கா 2000ஆம் ஆண்டு ஜூலையில் திறக்கப்பட்டது. பெயரே இரு நிறுவனப் பெயர்களின் ஒட்டு. பரப்பு சுமார் 12.8 லட்சம் சதுர அடி. அதாவது நியூயார்க்கில் சட்டத்தையே வரவழைத்த அந்தக் கட்டடத்தின் பரப்பைச் சற்றே மிஞ்சுகிறது. கணினி நிறுவனங்கள் தளம் தளமாகக் குத்தகைக்கு எடுத்தன. பின்னர் கோயம்புத்தூர் விளாங்குறிச்சியிலும் ஒரு டைடல் பூங்கா வந்தது. சென்னிமலையிலும் பெருந்துறையிலும் படித்த பிள்ளைகள் பலர் இன்று அத்தகைய தளங்களில்தான் பகலைக் கழிக்கிறார்கள்.

பசுமைக் கட்டட இயக்கமும் அதே காலத்தில் இங்கே வந்து சேர்ந்தது. ஐதராபாத்தில் இந்தியத் தொழிற் கூட்டமைப்பின் சொராப்ஜி கோத்ரெஜ் மையம் 2004இல் குடியரசுத் தலைவர் அப்துல் கலாமால் திறக்கப்பட்டது. அமெரிக்காவுக்கு வெளியே 'லீட்' பிளாட்டினத் தரம் பெற்ற முதல் கட்டடம் அதுவே. அது தன் சொந்த உபயோகத்துக்குக் கட்டிய கட்டடம் என்பதை மனத்தில் வையுங்கள். சென்னை கிண்டியில் வாடகைக்கு விடப்படும் ஒலிம்பியா தொழில்நுட்பப் பூங்காவும் பின்னர் தங்கத் தரம் பெற்றது. வாடகைக் கட்டடத்தில் சிக்கல் வேறு விதமானது.

ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் கற்பனையே. ஒரு கட்டடத்தின் மேற்குப் பக்கத்துக்கு வெப்பத்தைத் தடுக்கும் நல்ல கண்ணாடியும் நிழல் தரும் பலகைகளும் அமைக்க 20 லட்சம் ரூபாய் கூடுதலாக ஆகிறது. அதனால் ஆண்டுக்கு 4 லட்சம் ரூபாய் மின்கட்டணம் மிச்சமாகிறது. ஐந்தே ஆண்டில் போட்ட பணம் திரும்பிவிடும்; கட்டடமோ 50 ஆண்டு நிற்கும். சிறு பிள்ளையும் ஒப்புக்கொள்ளும் முதலீடு. ஆனால் யார் போடுவது? உரிமையாளர் 20 லட்சம் போட்டால், 4 லட்சம் மிச்சம் குடியிருப்பவருக்குப் போகிறது. குடியிருப்பவர் போடலாம் என்றால், மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் இருக்கும் அவர் பிறர் சுவருக்கு எதற்காகச் செலவு செய்வார்? இருவரும் புத்திசாலிகளே, இருவருடைய கணக்கும் சரியே. விளைவாகச் சுவர் சுடுகிறது.

நம் ஊரில் இந்தச் சுவர் எப்போது சுடும் என்பதையும் பார்த்துவிடலாம். சென்னிமலை வடக்கு அகலாங்கு 11 பாகையை ஒட்டி இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்டு நான்காம் வாரத்திலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். மற்ற நாட்களின் நண்பகலிலும் அது உயரத்தில்தான் இருக்கும். வடக்கு, தெற்குச் சன்னல்களுக்கு ஓர் அளவான சாய்ப்புப் போதும். கிழக்கும் மேற்குமே எதிரிகள். காலையிலும் மாலையிலும் தாழ்ந்து வரும் கதிர் எந்தச் சாய்ப்பையும் மதிக்காமல் நேராக உள்ளே பாயும். நம் ஓட்டு வீட்டில் கூரைதான் முக்கியம். கோபுரத்திலோ கூரை சிறியது, சுவர் மிகப் பெரியது. எனவே எந்தத் திசையைப் பார்த்துக் கட்டினார்கள் என்பது, என்ன சான்றிதழ் வாங்கினார்கள் என்பதைவிட முக்கியம் என்பது என் கருத்து. மாலை நான்கு மணிக்கு ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் மேற்கு முகத்தைப் பாருங்கள். வெயில் தாங்காமல் திரைகளை இழுத்துவிட்டு, உள்ளே விளக்குப் போட்டிருப்பார்கள்! வெளிச்சத்துக்காகக் கண்ணாடி வாங்கி, கண்ணாடிக்காகத் திரை வாங்கி, திரைக்காக விளக்கு எரிக்கும் விந்தை இது.

இந்த முடிச்சை அவிழ்த்தவர்கள் உண்டா? நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடம் 102 மாடிகள் கொண்டது. 1931இல் பொருளாதார மந்தத்தின் நடுவே திறக்கப்பட்டு, குடியேற ஆளின்றி 'காலி ஸ்டேட் கட்டடம்' என்று கேலிக்கு ஆளானது. 2009இல் அதன் மின் செலவில் 38 விழுக்காட்டைக் குறைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதன் 6514 சன்னல்களையும் கழற்றி, அந்தக் கட்டடத்தின் உள்ளேயே ஒரு தளத்தில் பட்டறை அமைத்து, இரு கண்ணாடிகளின் நடுவே மென்தகடும் வாயுவும் வைத்துத் திரும்பப் பொருத்தினார்கள். உரிமையாளர் மட்டும் உழைத்தால் அந்த இலக்கை எட்ட முடியாது. குத்தகைக்காரர்கள் தத்தம் தளத்தில் விளக்கையும் மின் கருவிகளையும் மாற்ற வேண்டும். அதற்குத் தனித்தனி மீட்டர் வேண்டும்.

ஆஸ்திரேலியர்கள் வேறு வழி கண்டார்கள். 1990களின் இறுதியில் அவர்கள் தொடங்கிய தர மதிப்பீட்டில் கட்டடத்துக்கு ஒரு மதிப்பெண், குடியிருப்பவரின் தளத்துக்குத் தனியாக ஒரு மதிப்பெண். லிப்ட், பொதுக் குளிரூட்டல் ஆகியவை உரிமையாளர் கணக்கு. மேசை விளக்கும் கணினியும் குடியிருப்பவர் கணக்கு. மதிப்பிடுவதும் வரைபடத்தை வைத்தல்ல, ஓராண்டு உண்மையாக எரித்த மின்சாரத்தை வைத்து. 2010இல் வந்த சட்டப்படி, பெரிய அலுவலக இடத்தை விற்கும்போதும் வாடகைக்கு விடும்போதும் இந்த மதிப்பெண்ணை வெளியிட்டாக வேண்டும். வாடகை பேச வருகிறவர் அதைப் பார்த்துப் பேரம் பேசுகிறார். நல்ல கண்ணாடி போட்ட உரிமையாளருக்கு அதன் பலன் வாடகையாகத் திரும்புகிறது. இந்தியாவிலும் எரிசக்தித் திறன் செயலகம் 2009இல் அலுவலகக் கட்டடங்களுக்கு நட்சத்திரக் குறியீடு தொடங்கியது. சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்பதே அதன் அளவுகோல். ஆனால் விரும்பியவர்கள் வாங்கலாம் என்ற அளவில் தொடங்கப்பட்ட திட்டம் அது.

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை, 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்யப்பட வேண்டும். வாகன நிறுத்தம், வண்ணப் பூச்சு, முன்பணம் பற்றியெல்லாம் அப்பத்திரங்களில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். குளிரூட்டி எத்தனை பாகையில் இயங்கும், எந்த நேரம் வரை இயங்கும், மீட்டர் யார் பெயரில், மிச்சமானால் யாருக்கு எவ்வளவு என்று நான்கு வரிகளையும் சேர்க்கலாம். வெளிநாடுகளில் இதைப் 'பசுமைக் குத்தகை' என்கிறார்கள்.

மாணவர்கள் இதைச் சோதித்துப் பார்க்கக் கோயம்புத்தூர் வரை போக வேண்டியதில்லை. வாடகைக்கு விடப்பட்ட விசைத்தறிக் கூடம் ஒன்றும், உரிமையாளரே தறி ஓட்டும் கூடம் ஒன்றும் உங்கள் ஊரிலேயே கிடைக்கும். அனுமதி கேட்டு, பிற்பகல் இரண்டு மணிக்கு இரண்டிலும் ஆள் உயரத்தில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டு, கால் மணி நேரம் கழித்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். கூரை தகரமா, ஓடா, வெள்ளை பூசியதா என்பதையும் எழுதுங்கள். பிறகு, கரண்ட் பில் யார் கட்டுகிறார் என்று கேட்டு அதே தாளில் எதிரே குறியுங்கள். பத்துக் கூடங்களில் இப்படிச் செய்தால் ஒரு நல்ல அட்டவணை கிடைக்கும்.