டாலர் உடைந்தது, பாசிமணி உடையவில்லை

டாலர் என்றதும் அமெரிக்காவுக்குப் போய்விடாதீர்கள். நான் சொல்வது சங்கிலியில் கோத்துக்கொள்ளும் டாலர். நண்பனின் அண்ணன் சின்னதாக ஒரு மின்சூளை வைத்திருக்கிறார். போன மாதம் அதில் ஒரு பச்சை பாட்டில் துண்டை வைத்து, அதன் மேல் உடைந்த சிவப்பு வளையல் துண்டுகளை அடுக்கி, 800 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே சூடேற்றினோம். மறுநாள் காலையில் திறந்தால் எல்லாம் ஒட்டிக்கொண்டு, ஓரமெல்லாம் மழுங்கி, கடையில் வாங்கியது மாதிரி இருந்தது. ஒரே பெருமை. சாயங்காலம் மேசை மேலிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால், சரியாக வளையல் ஒட்டிய இடத்தில் விரிசல்!

காரணம் ரொம்ப எளிது. இரண்டும் கண்ணாடிதான், ஆனால் ஒரே கண்ணாடி இல்லை. சூட்டில் விரிவதும் ஆறும்போது சுருங்குவதும் கலவைக்குக் கலவை மாறும். ஒட்டிய பிறகு ஒன்று அதிகம் சுருங்கினால் இன்னொன்றைப் பிடித்து இழுக்கும். அந்த இழுபறியில் விரிசல் விழும். ஒரே கலவையாக இருந்தாலும் அவசரமாக ஆறவிட்டால் இதே கதிதான். அதனால்தான் கண்ணாடி வேலை தெரிந்தவர்கள் 500 டிகிரி வாக்கில் நிறுத்திவைத்து, பிறகு மெல்ல மெல்ல ஆறவிடுகிறார்கள்.

இதைப் படித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான், கீழடி அருங்காட்சியகத்தில் நான் ஒரு நிமிடம்கூட நிற்காமல் தாண்டிப்போன ஒரு பொருள் ஞாபகத்துக்கு வந்தது. கண்ணாடிப் பாசிமணி.

கீழடி மதுரையிலிருந்து தென்கிழக்கே சுமார் 12 கி.மீ. தொலைவில், சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது. 2014-15இல் மத்தியத் தொல்லியல் துறை அங்கே அகழாய்வைத் தொடங்கியது. 2018இலிருந்து தமிழ்நாடு தொல்லியல் துறை தொடர்ந்தது. அருங்காட்சியகம் திறந்தது 2023 மார்ச்சில். எல்லோரும் தமிழி எழுத்து கீறிய பானை ஓட்டையும் செங்கல் கட்டுமானத்தையும் பார்க்கிறோம். நானும் அப்படித்தான். மணிகளைப் பார்த்து, "இதெல்லாம் திருவிழாக் கடையில் கிடைக்குமே" என்று நினைத்தேன்.

தென்னிந்தியாவின் பழைய கண்ணாடி மணிகளில் பெரும்பாலானவை சில மில்லிமீட்டர்தான் இருக்கும். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள், கறுப்பு என்று ஒற்றை நிறத்தில் வரும். ஆராய்ச்சியாளர் பீட்டர் பிரான்சிஸ் இவற்றுக்கு 'இந்தோ-பசிபிக் மணிகள்' என்று பெயர் வைத்தார். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொரியா, ஜப்பான் வரை கிடைப்பதால் அந்தப் பெயர். இவற்றைச் செய்த இடங்களில் நன்றாக ஆராயப்பட்டது புதுச்சேரி பக்கத்து அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அங்கே தோண்டினார்கள். அங்கே மணி மட்டும் கிடைக்கவில்லை. மணி செய்யும்போது மிஞ்சிய கண்ணாடிக் குழல் துண்டுகளும் கழிவுகளும் கிடைத்தன.

எப்படிச் செய்தார்கள்? அதற்கு விடை ஆந்திராவில், திருப்பதி பக்கத்திலுள்ள பாப்பாநாயுடுபேட்டையில் கிடைத்தது. அந்த ஊரில் இதே முறை கைத்தொழிலாகத் தங்கியிருந்தது. உருகிய கண்ணாடியை இரும்புக் குழாயின் நுனியில் கூம்பாகத் திரட்டி, நடுவில் துளைவிட்டு, உலையின் வாய் வழியாகக் கொக்கியால் பிடித்து இழுப்பார்கள். இழுக்க இழுக்க நூல் மாதிரி மெல்லிய குழல் வந்துகொண்டே இருக்கும், நடுவில் துளையோடு! அதைப் பொடிப்பொடியாக வெட்டினால் மணி. ஆனால் வெட்டிய விளிம்பு கூர்மையாக இருக்குமே? அதனால் சாம்பலோடு கலந்து சட்டியில் போட்டு மறுபடி சூடேற்றுவார்கள். விளிம்பு உருகி மழுங்கும். சாம்பல் துளையை அடைபடாமல் காக்கும்.

இந்த இடத்தில்தான் எனக்கு வெட்கமாகிவிட்டது. நாங்கள் மெனக்கெட்டது இரண்டு துண்டுகளை ஒட்டவைக்க. அவர்களோ ஆயிரக்கணக்கான மணிகளை ஒரே சட்டியில் போட்டு, விளிம்பு மட்டும் உருகி, ஒன்றோடொன்று ஒட்டாமல் எடுத்திருக்கிறார்கள். வெப்பமானி கிடையாது, தீயின் நிறத்தைப் பார்க்கும் கண்தான் அளவுகோல். சிவப்பு மணிக்கு உலையில் காற்றையும் குறைக்க வேண்டும். காற்று அதிகமானால் அதே செம்பு சிவப்புக்குப் பதில் நீலம், பச்சை என்று போய்விடும்.

"கண்ணாடி ரோமானியர்கள் கொண்டுவந்ததுதானே?" என்று வகுப்பில் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழிக் கையேடான பெரிப்ளஸ், முசிறியில் இறக்குமதியான சரக்குகளில் கச்சாக் கண்ணாடியையும் சேர்த்துச் சொல்கிறது. அதே நூற்றாண்டின் பிளினியோ, இந்தியக் கண்ணாடிக்கு ஈடில்லை என்ற செய்தியை எழுதிவைத்திருக்கிறார். யாரை நம்புவது? வேதியியல் ஓரளவு தீர்த்துவைக்கிறது. தென்னிந்திய மணிகளில் பெரும்பகுதி அலுமினா மிகுந்த கண்ணாடி. ரோமானியக் கண்ணாடியில் அலுமினா குறைவு. ஆக, வெளியிலிருந்து வாங்கியதும் உண்டு, நாமே உருக்கியதும் உண்டு.

கிண்ணம் விஷயத்தில் நிலைமை வேறு. அரிக்கமேட்டிலும் கேரளத்துப் பட்டணத்திலும் விலா எலும்பு போல வரிவைத்த கண்ணாடிக் கிண்ணத் துண்டுகள் கிடைத்தன. அவை மத்தியதரைக் கடல் பக்கத்துச் சரக்கு. சூடான கண்ணாடி வட்டத்தில் வரிகளை எழுப்பி, அதைக் கவிழ்த்த அச்சின் மேல் வைத்துச் சூளையில் இளக்கினால், தானே வளைந்து இறங்கிக் கிண்ணமாகிவிடும் என்பது ஆய்வாளர் பலர் ஏற்கும் விளக்கம். இன்று மின்சூளையில் கிண்ணம் செய்பவர்கள் செய்வதும் ஏறக்குறைய இதுதான். கிண்ணம் அங்கிருந்து வந்தது, மணி இங்கிருந்து போனது. இதில் யாருக்கும் இழுக்கு இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மணி கிடைத்த இடமெல்லாம் மணி செய்த இடம் ஆகிவிடாது. மதுரையில் சீனத்துக் கைப்பேசி கிடைக்கிறது என்பதற்காக மதுரையில் செய்தது என்போமா? :-) குழல் துண்டு, உருகிய கட்டி, உலைக் கழிவு, இவையெல்லாம் சேர்ந்து கிடைத்தால்தான் பட்டறை என்று சொல்ல முடியும். அரிக்கமேட்டை அடித்துச் சொல்ல முடிவது அங்கே கிடைத்த குப்பையால்தான். நம் ஊர்ப் பெருமை பேசும்போது இந்த வித்தியாசத்தை விட்டுவிட்டால், நாளைக்கு யாராவது ஒரு கேள்வி கேட்டதும் மொத்தப் பெருமையும் என் டாலர் மாதிரி 'டிக்' என்று விரிசல் விட்டுவிடும்.

அடுத்த முறை கீழடி போனால் அந்தக் குட்டி மணிகள் முன்னால் கொஞ்சம் நில்லுங்கள். துளையைப் பாருங்கள், விளிம்பைப் பாருங்கள். என் டாலர் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. அவை இரண்டாயிரம் வருஷமாக வைகைக் கரை மண்ணுக்குள் கிடந்து முழுசாக வெளியே வந்திருக்கின்றன.