பெயரைக் கேட்ட அதிகாரி

அலுவலகத்தில் தலைமை ஏற்போருக்குத் துணிவு வேண்டும் என்று சொன்னால், அங்கே வாள் வீச என்ன இருக்கிறது என்று சிலர் நகைக்கக்கூடும். மேசைக்கும் கோப்புக்கும் இடையே வீரத்துக்கு ஏது இடம் என்பது அவர்கள் எண்ணம். ஆயினும், எல்லோரும் விரைவாக முடிக்க விரும்பும் ஒரு காரியத்தில், "இது இவ்வாறு நடைபெறலாகாது" என்று எழுதிக் கையொப்பமிடுவதற்கும் நெஞ்சுரம் வேண்டும். நம் நாட்டின் முதற் பொதுத் தேர்தல் வரலாற்றில் இதற்குத் தக்க சான்று ஒன்று உண்டு.

1950-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் சுகுமார் சென் இந்தியாவின் முதல் தலைமைத் தேர்தல் கமிஷனராகப் பொறுப்பேற்றார். அவர் வங்காளத்தைச் சேர்ந்தவர், கணிதம் பயின்றவர், ஐ.சி.எஸ். பணியிற் சேர்ந்து மேற்கு வங்கத்தின் தலைமைச் செயலாளராக உயர்ந்தவர். 1951-ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே தேர்தலை நடத்திவிட வேண்டுமென்று பிரதமர் நேரு ஆர்வம் கொண்டிருந்தார். புதிய குடியரசின் பிரதமர் அவ்வாறு விரும்பியது இயல்பே. ஆனால், வேலையின் அளவைக் கணக்கிட்டுப் பார்த்தவர் சென். 21 வயது நிரம்பிய ஏறத்தாழ 17 கோடியே 30 லட்சம் பேருக்கு வாக்குரிமை. மக்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் எழுத்தறியாதவர். அவர்களுக்கெனச் சின்னங்கள் வேண்டும், பெட்டிகள் வேண்டும், அனைத்துக்கும் மேலாகப் பிழையற்ற பட்டியல் வேண்டும். ஆகவே, பொறுத்திருக்க வேண்டுமென்று அவர் கூறினார். வாக்குப்பதிவு 1951 அக்டோபர் 25-இல் இமயமலைச் சாரலில் தொடங்கி, 1952 பிப்ரவரியில் முடிவுற்றது.

அந்தப் பட்டியலைத் தயாரிக்கையில் எதிர்பாராத சிக்கலொன்று எழுந்தது. வீடு வீடாகச் சென்ற கணக்காளர்களிடம் பெண்கள் பலர் தம் பெயரைச் சொல்ல மறுத்தனர். அயலாரிடம் தம் பெயரைக் கூறுதல் அவர்தம் வழக்கத்துக்கு மாறானது. எனவே, "இன்னாரின் மனைவி", "இன்னாரின் தாய்" என்றே பட்டியலில் எழுதப்பட்டது. பீகார், உத்தரப் பிரதேசம், மத்திய பாரதம், இராஜஸ்தான், விந்தியப் பிரதேசம் ஆகிய பகுதிகளில் இத்தகைய பதிவுகள் மிகுதி.

அவற்றை அவ்வாறே விட்டுவைப்பது மிக எளிது. எவரும் குறை கூறியிரார், காலமும் மிஞ்சியிருக்கும். ஆயினும், வாக்களிக்க வருபவர் யாரென்று அடையாளங் காட்டுவது பெயரன்றோ? ஒருவரின் மனைவி என்று மட்டும் எழுதியிருந்தால், வந்து நிற்பவர் அவர்தாம் என்று எவ்வாறு தெளிவது? சொந்தப் பெயரின்றி எந்தப் பதிவும் செல்லாது என்று தேர்தல் கமிஷன் ஆணையிட்டது. பீகாரில் பெயர்களைத் திரட்டுவதற்கு ஒரு மாத கால நீட்டிப்பும் அளிக்கப்பட்டது. அதன் பின்னரும், நாட்டிலிருந்த ஏறத்தாழ 8 கோடிப் பெண் வாக்காளருள் சுமார் 28 லட்சம் பேரின் பதிவுகள் நீக்கப்பட்டன.

28 லட்சம் என்பது சிறு தொகையன்று. முதன்முதலாகக் கிடைத்த உரிமையை அப்பெண்கள் அத்தேர்தலில் இழந்தனர். வழக்கத்துக்குக் கட்டுப்பட்டவர்களைத் தண்டிப்பது முறையா என்று கேட்போர் இன்றும் உளர். அக்கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. சென்னும் அந்த இழப்பை மறைக்கவில்லை. தேர்தல் பற்றிய தம் அறிக்கையில் எண்ணிக்கையோடு அதனைப் பதிவு செய்தார். இதனால் எழுந்த சலசலப்பு நன்மைக்கே என்றும், அடுத்த தேர்தலுக்குள் அந்தத் தயக்கம் நீங்க அது உதவும் என்றும் அவர் கருதினார். 1957-ஆம் ஆண்டுத் தேர்தலின்போது, வயது வந்த பெண்களுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் வாக்காளராகப் பதிவாகியிருந்தனர்.

இங்கே தலைவர் செய்தது யாது? ஊரார் வாசலில் நின்று பெயர் கேட்டவர் சிறிய சம்பளம் பெறும் ஊழியர். வீட்டார் சினந்தால் அதை முதலில் தாங்க வேண்டியவர் அவரே. மேலிடத்து ஆணை தெளிவாக இல்லையெனில், அவர் ஏதேனும் எழுதிக்கொண்டு போய்விடுவார். பின்னர்ப் பழியும் அவர் தலையிலேயே விழும். ஆணை தெளிவாக இருந்தால், "இது மேலிடத்துக் கட்டளை, அம்மா" என்று அவர் பணிவோடு கூறலாம். இனிமையற்ற முடிவைத் தம் கையொப்பத்தின் கீழ் ஏற்றுக்கொண்டு, கீழே இருப்பவருக்கு நிழலாக நிற்பதே தலைமையின் அன்றாடத் துணிவு.

வெளி மாநிலங்களில் வாழும் தமிழராகிய நமக்குப் பெயரின் அருமை நன்கு தெரியும். நம் பெயருக்கு முன்னே நிற்கும் எழுத்து தந்தையின் பெயரைக் குறிப்பது. இங்குள்ள படிவங்களோ குடும்பப் பெயரைக் கேட்கின்றன. தந்தையின் பெயர் நமக்குரியதாகவும், நம் பெயர் குலப்பெயராகவும் இடம் மாறிவிடுவதை நாம் கண்டிருக்கிறோம். "எப்படி எழுதினால் என்ன?" என்று ஒரு குமாஸ்தா கேட்கும்போது, "அவர் சொல்வதைக் கேட்டுச் சரியாக எழுதுங்கள்" என்று கூறும் மேலதிகாரி ஒருவர் அருகில் இருந்தால் எத்துணை ஆறுதல்!

சுகுமார் சென் 1953-இல் சூடான் நாட்டின் முதல் நாடாளுமன்றத் தேர்தலை நடத்தும் பொறுப்பையும் ஏற்றார். 1958 டிசம்பரில் பதவியினின்றும் விலகினார். தன் வரலாறு எதையும் அவர் எழுதி வைக்கவில்லை. நம்மில் பலர் நாளை காலையும் ஏதேனும் ஓர் அலுவலகத்தில், சிலருக்கு மேலாகவும் சிலருக்குக் கீழாகவும் அமரப் போகிறோம். நம் மேசைக்கும் ஒரு பட்டியல் வரும். அதில் ஒரு பெயர் அரைகுறையாக இருக்கும். மாலைக்குள் முடித்துவிடும்படி மேலிடத்திலிருந்து சொல்லியனுப்புவார்கள். அந்தப் பெயரை முழுமையாகக் கேட்டெழுத இன்னும் ஒரு நாள் வேண்டும் என்று நாமே சென்று சொல்வோமாக.