ஆந்த்ராதே, கார்மென்

ஸ்பெயின் நாட்டு வேதியியலாளர். மத்ரித் நகரின் எதுவர்தோ தொரோஹா கட்டுமான அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றி, கான்கிரீட்டுக்குள் எஃகுக் கம்பி துருப்பிடிப்பதைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தவர். கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியின் மேல் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. கடலுப்பின் குளோரைடோ காற்றின் கரியமில வாயுவோ உட்புகுந்தால் அந்தப் படலம் சிதைந்து, கம்பி துருப்பிடிக்கத் தொடங்குகிறது. இதைக் கண்டறிய, கம்பியின் மின்னழுத்தத்தை மட்டும் அளக்கும் சோதனை துருப்பிடிக்கும் வாய்ப்பைத்தான் சொல்லும், வேகத்தைச் சொல்லாது. அந்தக் குறையை நீக்கியதே இவருடைய தலையாய பணி. கொன்சாலெஸ் என்ற சக ஆய்வாளருடன் 1978-இல் வெளியிட்ட கட்டுரையில், கம்பியின் மின்னழுத்தத்தைச் சில மில்லிவோல்ட் மட்டும் மாற்றி, அப்போது பாயும் மின்னோட்டத்தைக் கொண்டு அரிப்பின் வேகத்தைக் கணக்கிட்டுக் காட்டினார். இவ்வாறு கணக்கிட்ட அரிப்பு மின்னோட்டம் சதுர சென்டிமீட்டருக்கு 1 மைக்ரோஆம்பியர் என்றால், ஆண்டுக்கு ஏறத்தாழ 11.6 மைக்ரோமீட்டர் எஃகு கரைகிறது. ஆய்வகத்தில் தொடங்கிய இம்முறை, கான்கிரீட்டை உடைக்காமல் பாலங்களிலேயே அளக்கும் கையடக்கக் கருவிகளுக்கு அடிப்படையானது.