நவாலியில ஒரு சாமி வீடு

கிணத்துக்கடவு பொன்மலை வேலாயுதசாமி கோயில் மண்டபத்துல மழைக்கு ஒதுங்காத ஆளு இந்த ஊர்ல இருக்க முடியாதுங்க. அன்னைக்கும் ஒதுங்கினோம். எங்க தோப்புக்குத் தேங்காய் உரிக்க வர்ற, ஈழத்து அகதி முகாம்ல இருக்கற அண்ணன் மட்டும் நனைஞ்சுக்கிட்டே வெளிய நின்னார். "உள்ள வாங்கண்ணா"ன்னேன். "நவாலி"ன்னு ஒரே வார்த்தைதான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சேன்.

1995 ஜூலை 9. யாழ்ப்பாணம் வலிகாமத்துல இலங்கை ராணுவம் ‘முன்னேறிப் பாய்தல்’ நடவடிக்கையைத் தொடங்கின நாள். ஷெல்லுக்குப் பயந்து ஓடின சனம், சாமி வீட்டுல அடிக்க மாட்டாங்கன்னு நம்பி, நவாலி புனித பீற்றர் தேவாலயத்துலயும் பக்கத்துச் சின்னக் கதிர்காம முருகன் கோயில்லயும் தஞ்சம் புகுந்துச்சு. விமானப்படை குண்டு போட்டது அங்கதான். நூத்துக்கும் மேல செத்தாங்க, குழந்தைகளும் உண்டு. செஞ்சிலுவைச் சங்கம் இதை வெளிய சொன்னதுக்கு அரசு கோவிச்சுக்கிச்சு.

வருசா வருசம் ஜூலை 9 அன்னைக்கு நவாலியில விளக்கேத்தறாங்க. அங்கயும் முருகன், இங்கயும் முருகன். இந்த வருசம் நம்ம மலையிலயும் ஒரு விளக்கு ஏத்தணும்ங்க. அண்ணனைக் கூப்பிடப் போறேன். உள்ள வர வேண்டாம், படியில நின்னாப் போதும்.