மாநக்கவாரம்

பாரதத்தின் தென்கோடி எது என்று கேட்டால், பள்ளிக்கூடத்துப் பிள்ளை கூடக் கன்னியாகுமரி என்று சொல்லிவிடும். நானும் வெகுநாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். என்னைத் திருத்தியவர் வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருவில் குடியிருந்த ஒரு கொத்து மேஸ்திரி. 1969 முதல் பெரிய நிக்கோபார்த் தீவில் முன்னாள் ராணுவத்தினரைக் குடியேற்றினார்கள் அல்லவா, அந்த நாட்களில் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி, அங்கே காம்பல் விரிகுடாவில் வீடு கட்டப் போனவர்.

“கன்னியாகுமரிக்கும் தெற்கால நம்ம பூமி கீது தம்பி” என்பார். தெருவில் அவருக்கு ‘அந்தமான்காரர்’ என்று பெயர். அந்தமான் வேறு, நிக்கோபார் வேறு என்று சொல்லிச் சொல்லி மனிதர் அலுத்துப்போனார். அங்கிருந்து அவர் கொண்டுவந்தவை சில சங்குகளும், விட்டு விட்டு வரும் ஒரு குளிர்க் காய்ச்சலும். அது கண்டால் மூன்று கம்பளி போர்த்தினாலும் கட்டில் ஆடும்.

அந்தக் காய்ச்சலுக்கு ஒரு சரித்திரம் உண்டு.

1025-ல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை கடாரத்தின் மேல் சென்றது. அப்போது வென்ற இடங்களின் வரிசையில், தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், ‘மாநக்கவாரம்’ என்று ஒரு பெயர் இருக்கிறது. அது இந்தத் தீவுகள்தான். நக்கர் என்றால் ஆடையற்றவர். தீவுக்காரர்கள் தங்களை அப்படியா அழைத்துக்கொண்டிருப்பார்கள்? வந்தவன் வைத்த பெயர்!

அடுத்து வந்தவர்களும் நம் கரையிலிருந்தே போனார்கள். தரங்கம்பாடியில் கோட்டை கட்டி வாணிபம் செய்த டேனியர்கள், 1756-ல் அங்கே கொடி நாட்டித் தங்கள் அரசர் பிரெடரிக்கின் பெயரைச் சூட்டினார்கள். பெயர் நிலைக்கவில்லை, ஆட்களும் நிலைக்கவில்லை. காய்ச்சலில் மாண்டார்கள். மீண்டும் ஆள் அனுப்பினார்கள், மீண்டும் மாண்டார்கள். இடம் காலியாகிவிட்டது என்று எண்ணி 1778-ல் ஆஸ்திரியர்கள் வந்து தங்கள் கொடியை ஏற்றினார்கள். அதுவும் சில வருஷக் கூத்துத்தான்.

எனக்கு மனம் கனப்பது 1768-ல் தரங்கம்பாடியிலிருந்து போன மொரேவியப் பாதிரிமார்களை நினைத்தால்தான். கொள்ளையடிக்கப் போனவர்கள் அல்லர். நன்கௌரி தீவில் குடிசை போட்டு, தோட்டம் வைத்து, சங்கும் பூச்சியும் சேகரித்து விற்றுப் பிழைத்தார்கள். 1787-ல் எல்லாவற்றையும் விட்டுத் திரும்பும்போது அங்கே 11 கல்லறைகள். தரங்கம்பாடிக்குத் திரும்பிய பிறகும், அங்கே வாங்கிவந்த நோயால் இன்னும் 13 பேர் மாண்டார்கள். காட்டின் கெட்ட காற்றுத்தான் காரணம் என்று நம்பினார்கள், பாவம். கொசுதான் குற்றவாளி என்று செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டுபிடிக்க 1897 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

டேனியர்களிடமிருந்து 1868-ல் உரிமையை வாங்கிய ஆங்கிலேயர்கள், கமோர்த்தா தீவில் கைதிக் குடியிருப்பு வைத்துப் பார்த்தார்கள். அவர்களும் 1888-ல் மூட்டை கட்டினார்கள். நிக்கோபார் மக்களுக்கு அவர்களுடைய மண் மிஞ்சியதில் கொசுவுக்கும் ஒரு பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

2004 டிசம்பர் 26-ல் கடல் பொங்கியபோது, மேஸ்திரி சொன்ன அந்தக் கடைசி முனை, இந்திரா முனை, ஏறக்குறைய 4 மீட்டர் அமிழ்ந்தது. தரையில் நின்ற கலங்கரை விளக்கம் தண்ணீருக்குள் நின்றது. பத்திரிகையில் வந்த படத்தை மேஸ்திரியிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, “நாங்க கட்ன வூடுங்க?” என்று கேட்டார். பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். அதைப் பற்றி ஒன்றும் போடவில்லை.

இப்போது மேஸ்திரி இல்லை. 1846-ல் அங்கே போன டேனிய ஆராய்ச்சிக் கப்பல் ‘கலாத்தியா’வின் பெயர் மட்டும் பெரிய நிக்கோபாரில் ஓர் ஆற்றுக்கும் விரிகுடாவுக்கும் நிலைத்துவிட்டது. அந்த விரிகுடாவில் பெரிய சரக்குப் பெட்டகத் துறைமுகம் அமைக்க 2022-ல் மத்திய அரசு சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்தது. காட்டுக்குள் வாழும் ஷோம்பென் மக்கள் 2011 கணக்கெடுப்பில் 229 பேர். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்தால் கூடுகிற கூட்டம் அதைவிடப் பெரிது.

செய்தி வந்த சில நாளில் மேஸ்திரியின் மகன் என்னைத் தேடி வந்தான். அங்கே கட்டட வேலைக்கு ஆள் எடுப்பார்களா என்று விசாரித்தான்.