மீறலும் முறியாத குத்தகையும்: பெரியாறு, 1886

முல்லைப்பெரியாறு அணைக்குக் கீழே, ஆற்றங்கரையில் அமைந்த முதற் பேரூர் வண்டிப்பெரியார். அவ்வூரின் அச்சத்தையும் கம்பம் பள்ளத்தாக்கின் பாசனத்தையும் ஒரே குத்தகைப் பத்திரம் பிணைத்திருக்கிறது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசு ஏறத்தாழ 8,000 ஏக்கரை, ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் வாடகையில், 999 ஆண்டுகளுக்குச் சென்னை மாகாணத்திற்கு வழங்கியது.

பின்னாளில் சென்னை அந்நீரில் மின்சாரம் எடுக்க முனைந்தபோது, பாசனத்திற்கன்றிப் பிற பயனுக்கு உரிமையில்லை எனத் திருவிதாங்கூர் எதிர்த்தது. நடுவர்கள் உடன்படாமையால் வழக்கு மேல்நடுவர் நளினி ரஞ்சன் சாட்டர்ஜியிடம் சென்றது. 1941இல் அவர் திருவிதாங்கூருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். எனினும் குத்தகை முடிந்துவிடவில்லை. அதன் எல்லை மட்டுமே வரையறுக்கப்பட்டது.

இதில் ஒரு சட்ட நுட்பம் உண்டு. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, நிபந்தனையை மீறியதாலேயே குத்தகை அற்றுவிடாது. மீறினால் நிலத்தை மீட்கலாம் என்னும் வெளிப்படையான விதி பத்திரத்திலேயே இருத்தல் வேண்டும். குத்தகையை முடிக்கும் எண்ணத்தை உரிமையாளர் எழுத்தில் அறிவித்தலும் வேண்டும்.

இரு மாநிலங்களும் முறிவை விடுத்துப் பேரத்தைத் தேர்ந்தன. 1970 மே 29 அன்று வாடகை ஏக்கருக்கு 30 ரூபாயாயிற்று. மீன்பிடி உரிமை கேரளத்திற்கும், கட்டணத்திற்குட்பட்ட மின்னுற்பத்தி உரிமை தமிழ்நாட்டிற்கும் கிட்டின. பழைய பத்திரம் 1947இல் காலாவதியாகிவிட்டது என்ற வாதத்தை 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

எனவே பத்திரத்தின் ஆயுள் வேறு, அணையின் உறுதி வேறு. வண்டிப்பெரியார் மக்களின் கேள்வி இரண்டாவதைப் பற்றியது. முதலாவதற்கான விடை அதற்கு விடையாகாது.