ரெண்டையும் சேர்த்துக் கட்டி...

நம் கல்லூரி ஒர்க்‌ஷாப் மூலையில் நின்ற பில்லர் டிரில்லிங் மெஷினை நம்ம செட்டில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காக்கி டிரஸ், சோப்பு ஆயில் வாசனை, சுருள் சுருளாக விழும் இரும்புச் சீவல்... அதன் முன்னால்தான் நான் ஒரு பாடம் படித்தேன். அந்தப் பாடத்துக்கு ஒரு சரித்திரம் உண்டென்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

இரண்டு ஸ்டீல் பிளேட்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்து நாலு ரிவெட் அடிக்க வேண்டும். அதுதான் ஜாப். நான் அவசரக்காரன். தனித்தனியாகக் கோடு கிழித்து, சென்டர் பஞ்ச் அடித்து, தனித்தனியாகவே துளையும் போட்டுவிட்டேன். சேர்த்து வைத்தால் இரண்டு துளை ஒத்துவரவில்லை. அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். உருட்டு அரத்தால் ராவிச் சரிக்கட்டி, ரிவெட்டும் அடித்துக் கொடுத்தேன். இன்ஸ்ட்ரக்டர் உளியால் ஒரு ரிவெட் தலையைச் செதுக்கித் தள்ளி உள்ளே பார்த்தார்.

"ஏம்ப்பா, தலை மட்டும் மூடியிருக்கு, உள்ளே பிடிப்பே இல்லையே! பாலத்துல இப்படிச் செஞ்சா ரயிலு என்னாகும்? ரெண்டையும் சேர்த்துக் கிளாம்ப் போட்டு ஒரே இறக்கா இறக்கணும்."

ஜாப் திரும்பி வந்தது. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

அவர் பாலத்தை இழுத்தது சும்மா இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் பாலத்துக்கும் கப்பலுக்கும் பிளேட்டில் துளை என்றால் பெரும்பாலும் பஞ்சிங்தான். வேகமான, மலிவான வேலை. தேனிரும்பு ஓரளவு தாங்கிக்கொண்டது. எஃகு வந்ததும் தொல்லை ஆரம்பித்தது. பஞ்ச் உலோகத்தைச் சீவுவதில்லை. அழுத்திப் பிய்த்துத் தள்ளுகிறது. துளையின் விளிம்பு இறுகிப்போய், கண்ணுக்குத் தெரியாத கீறல் விடும். விரிசலுக்கு அதுவே வாசல். டிரில்லோ கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி எடுக்கிறது.

ஆனால் பழைய பட்டை டிரில்லில் சீவல் உள்ளேயே அடைத்துக்கொள்ளும். 1863-இல் அமெரிக்கரான ஸ்டீபன் மோர்ஸ் முறுக்கு டிரில்லுக்குக் காப்புரிமை பெற்றார். சுருள் வாய்க்கால் வழியே சீவல் தானே மேலேறி வந்துவிடும். நம் மெஷினில் பெரிய பிட்டைச் செருகினோமே, அந்த 'மோர்ஸ் டேப்பர்' இவர் பெயர்தான்.

ஸ்காட்லாந்தில் 1879-இல் டே பாலம் புயலில் ரயிலோடு விழுந்தது. அந்தப் பயம் ஆறுவதற்குள் கட்டத் தொடங்கியதுதான் ஃபோர்த் ரயில் பாலம். 50,000 டன்னுக்கு மேல் எஃகு, சுமார் 65 லட்சம் ரிவெட். ஒப்பந்தக்காரர் வில்லியம் அரோல் பஞ்சிங்கை ஒதுக்கினார். 12 அடி விட்டமுள்ள ராட்சதக் குழாய்களின் பிளேட்டுகளைக் கரையிலேயே பொருத்தி, அதற்கென்றே செய்த டிரில்லிங் மெஷின்களால் எல்லா அடுக்கையும் ஒருசேரத் துளைத்தார்கள். பிறகு அடையாளமிட்டுப் பிரித்துக் கொண்டுபோய்ப் பூட்டினார்கள். 1890-இல் திறந்த பாலத்தில் இன்றும் ரயில் ஓடுகிறது.

இதைப் படித்த அன்று எனக்குச் சுருக்கென்றது. நம்ம இன்ஸ்ட்ரக்டர் சொன்னது அப்படியே அரோலின் வேலைமுறை! அவரிடம் போய்ச் சொல்லலாமென்றால் அவர் இன்று இல்லை.

திரும்பச் செய்த ஜாப் இன்னும் என் மேஜைமேல் இருக்கிறது. நாலு ரிவெட்டும் அசையவில்லை. சந்திப்புக்கு அதை எடுத்து வருகிறேன், பாருங்கள்.